கோமளாவுக்காக அழ ஓர் இடம்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு வாய்த்த பெரிய சங்கடம் சாப்பாடும் இல்லை, புழுக்கமும் இல்லை. நாவல் படித்துவிட்டு அழுவதற்கு ஓர் இடம் கிடைக்காததுதான். சிரிக்காதீர்கள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கீழே மசாலா அரைக்கும் கடையும் மேலே பலகைத் தடுப்புப் போட்ட அறைகளுமாக இருந்த வீட்டில் நீங்களும் குடியிருந்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எங்களுடையது நடு அறை. ஒரு தடுப்புக்கு அப்பால் நகை செய்யும் அண்ணன் தம்பி இருவர். மற்றொரு தடுப்புக்கு அப்பால், எல்லாரும் ஆ சோ என்று கூப்பிடும் சீனத்து அம்மாளும் அவருடைய மகள் கிம் லியானும். பலகை கூரை வரை போகாது. நான் தும்மினால் நகைக்கார அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து தீர்க்காயுசு சொல்வார். சமையலறை எல்லாருக்கும் பொது. குளியலறைக்கு எப்போதும் வரிசை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கதாநாயகிக்காக ஒரு மூச்சு அழுவது எங்கே?

கும்பகோணத்தில் இந்தப் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அழுவதற்கென்றே சாமான் அறை ஒன்று இருந்தது. புளிப்பானைக்கும் நெல் குதிருக்கும் நடுவே உட்கார்ந்து எத்தனையோ பேருக்காக அழுதிருக்கிறேன். வாரப் பத்திரிகை வந்ததும் அப்பாதான் முதலில் படிப்பார். சிவந்த கண்களோடு வெளியே வந்து, "ஒண்ணும் பிரமாதமா இல்ல" என்று சொல்லிவிட்டு எங்களிடம் தருவார். அவர் அப்படிச் சொன்னால் அந்த வாரம் யாரோ பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் சித்தி, அண்ணி, கடைசியில் நான். என் கைக்கு வரும்போது அட்டை இருக்காது, ஆனால் சேதி முழுவதும் காதுக்கு வந்திருக்கும். கதையில் வருகிறவர்களை எங்கள் தெருவில் யாரும் கதையில் வருகிறவர்களாகப் பேசியதே கிடையாது. "நம்ம பங்கஜத்துக்கு மறுபடியும் காய்ச்சலாமே" என்று காவேரிப் படித்துறையில் ஒருத்தி ஆரம்பித்தால், "அந்தப் படுபாவி இன்னும் கடுதாசி போடலியா?" என்று இன்னொருத்தி கேட்பாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், அடுத்த தெருவில் ஏதோ துக்கம் என்று நினைத்து விசாரிக்கவே கிளம்பிவிட்டாள். இந்த வழக்கம்தான் கடல் தாண்டி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

நம் நாவல்களைப் பற்றி எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. எழுதுகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். நம் கதைகளில் காதல் வந்தவர்களுக்கு அடுத்து வருவது இருமல். ஆண்பிள்ளை மனதில் இருப்பதைச் சொல்லமாட்டான். சொல்லாமலே வடக்கே ரயில் ஏறிவிடுவான். அவள் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பாள், நனைவாள், இருமுவாள். நடுவில் ஒரு வக்கீலோ மிராசுதாரோ பெண் பார்க்க வருவார். அவன் திரும்பி வருகிற நாளும் அவள் கண்ணை மூடுகிற நாளும் ஒன்றாகவே இருக்கும். இது தெரிந்துதான் படிப்போம். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும், இந்த முறையாவது அவன் ஒரு ரயில் முன்னால் பிடித்துவிடமாட்டானா என்று மனசு அடித்துக்கொள்ளும். ஊரில் இருந்தவரை அது ஒரு சுகம். பிரிவு என்பதை அப்போது நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

சிங்கப்பூர் வந்த மறு வருஷம் அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்தது. தந்தி என் கைக்கு வரும்போதே அங்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று இவர் மெதுவாகச் சொன்னார். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்ததால் கப்பல் கணக்கு இவருக்கு அத்துப்படி. போவதென்றால் எப்போது போய்ச் சேர்வது, போய் யாரைப் பார்ப்பது? நான் அன்றைக்குச் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன், துணி துவைத்தேன். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, காதர் பாயின் பத்திரிகைக் கடைக்கு ஊர்ப் பத்திரிகைகளோடு கப்பல் கட்டு வந்தது. அதில் ஒரு புதுத் தொடர்கதை. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, பின்னால் நடந்ததைக் கேட்டால் எழுதியவர் என் மேல் வழக்குப் போடுவார். கதாநாயகி கோமளா. அவளுக்கு சந்தானம் என்ற டிராயிங் வாத்தியார் மேல் பிரியம். கையில் காசில்லாத சந்தானம், வேலை தேடிக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று பம்பாய்க்கு ரயிலேறுகிறான். அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தபோது, இதை அப்பா ஒன்றிரண்டு வாரம் படித்திருப்பார், முடிவு தெரியாமலே போய்விட்டாரே என்று தோன்றியது. அவ்வளவுதான். அணை உடைந்தது. தடுப்புப் பலகை, நகைக்காரர்கள், வரிசை எல்லாம் மறந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நிமிஷம் கதவு தட்டப்பட்டது. ஆ சோ, கையில் மீன் செதில் சுரண்டும் கத்தியோடு நின்றார். ஒல்லியான தேகம், கறுப்புக் கால்சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. என்னைப் பார்த்தார், மூலையில் செய்வதறியாது நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பெண்டாட்டியை அடித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இவரோ கரப்பான் பூச்சியைக்கூட அடிக்காதவர். எனக்கும் ஆ சோவுக்கும் இருந்த ஒரே பாலம் சந்தையில் பேசும் பாசார் மலாய். மீன் விலை கேட்கவும், தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கவும் போதுமானது. என் தகப்பனார் செத்துப்போனார், அன்றைக்கு அழவில்லை, இன்றைக்கு ஒரு கதையைப் படித்ததும் அந்த அழுகை வந்துவிட்டது என்பதையெல்லாம் அந்த மலாயில் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் பத்திரிகையை விரித்து, ஜன்னலோரம் நிற்கும் கோமளாவின் படத்தைக் காட்டினேன். நம்ம கோமளா, அவள் ஆள் கப்பலேறிப் போய்விட்டான் என்று சொன்னேன். ரயிலுக்கு மலாயில் என்ன என்று அப்போது தெரியாது. கப்பல்தான் தெரியும்.

ஆ சோ படத்தை வெகு நேரம் பார்த்தார். "காசியான்," என்றார். பாவம் என்று அர்த்தம். போகும்போது மறுபடி ஒருமுறை என் வீட்டுக்காரரை முறைத்துவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து கப்பல் கட்டு வரும்போதெல்லாம் சமையலறையில் எனக்கு ஒரு ரசிகை காத்திருந்தார். நான் அப்படித்தான் நினைத்தேன். கும்பகோணத்துப் படித்துறையை இழந்தவளுக்கு சிங்கப்பூரில் ஒரு படித்துறை கிடைத்துவிட்டது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் கீரை ஆய்வார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கோமளா சேதி சொல்வேன். "சுடா பாலேக்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவன் திரும்பி வந்துவிட்டானா? "பெலோம்," என்பேன் நான். இன்னும் இல்லை. அப்புறம் விசாரணை தொடங்கும். சந்தானத்துக்கு என்ன சம்பளம்? அவன் ஏன் நேராகப் போய் அவள் அப்பாவைக் கேட்கவில்லை? வாய் இருக்கிறதா இல்லையா? பெண் பார்க்க வந்த வக்கீலுக்கு என்ன வயது, சொந்தப் பல்லா? கோமளா இருமிக்கொண்டு படுத்திருந்தால் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமாக நாவல் படிக்கிற எனக்கு இதில் ஒரு கேள்விகூடத் தோன்றியதில்லை. ஆசிரியருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. வக்கீலின் பல்லைப் பற்றி நானாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இருமல் பலமான அத்தியாயம் வந்தபோது, ஆ சோ ஒரு பொட்டலம் நிறையக் கறுப்பு வேரும் பட்டையும் வாங்கி வந்து கொடுத்தார். காய்ச்சி மூன்று வேளை, என்று விரலால் காட்டினார். எனக்கு அப்போது லேசான ஜலதோஷம். என்ன அன்பு என்று உருகிப்போய், அந்தக் கசப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துத் தீர்த்தேன். கப்பலில் அனுப்பினாயா என்று இரண்டு நாள் கழித்து அவர் கேட்டது எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. எதற்கும் தலையாட்டி வைத்தேன். பாசார் மலாயில் பாதிப் பேச்சுக்கு நாங்கள் எல்லாருமே அப்படித்தான் தலையாட்டி வாழ்ந்தோம்.

விளங்க வைத்தவள் கிம் லியான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஒரு கடிகாரக் கடையில் வேலை பார்த்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள். நானும் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் அவளோடு பேச்சு ஒருவாறு ஓடும். எடுத்த எடுப்பில், "ஆன்ட்டி, உங்க கோமளா பிழைச்சுப்பாளா?" என்று கேட்டாள். கதை எப்படிப் போகும் என்று எனக்கென்ன தெரியும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன். கோமளா என் கூடப் பிறந்தவள் என்றுதான் ஆ சோ ஆரம்பத்திலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறார். ஊரிலிருந்து கப்பலில் காகிதம் வருகிறது, அதில் அந்தப் பெண்ணின் படம் வருகிறது, நான் படித்துவிட்டு அழுகிறேன். வேறெப்படி நினைப்பார்? கிம் லியானுக்கு அது தொடர்கதை என்று முதல் நாளே தெரியும், படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. காரணம், அவளுக்கும் ஒரு சந்தானம் இருந்தான். ஆ தோங் என்று பெயர், சரக்குக் கப்பலில் சமையற்காரன். ஆ சோவுடையது ஹொக்கியன் குடும்பம், அவனோ ஹைனான்காரன். கும்பகோணத்திலிருந்து வந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவன் ஒரு நீண்ட பயணத்துக்கு ஒப்புக்கொண்டு, சம்பாதித்துக்கொண்டு வந்து கேட்கிறேன் என்று போயிருந்தான். இதற்கிடையில் மூவாரில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து கிம் லியானைக் கேட்டு வந்தார்கள். ஆ சோ அவர்களுக்குச் சரி என்று சொல்ல வேண்டியவர்தான். சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா பாலெம்பாங் போனாரு, நான் கைக்குழந்தை. இன்னும் வரல," என்றாள் கிம் லியான். "வெறுங்கையோட போற ஆம்பளை திரும்ப மாட்டான்னு அம்மா சொல்வாங்க. இப்ப, அந்த இந்தியாக்காரன் வர்றானா பார்ப்போம், வந்தா உன் ஆளுக்கும் காத்திருக்கலாம்னு சொல்றாங்க. தயவுசெஞ்சு உண்மைய சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

ஒரு பெண்ணின் வாழ்க்கை, சென்னையில் எங்கோ உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எழுதுகிற ஒருவருடைய பேனாவில் தொங்குகிறது. அந்தப் பேனாவின் குணம் எனக்குத் தெரியும். அதே எழுத்தாளரின் முந்தைய மூன்று கதைகளிலும் கதாநாயகி கடைசி அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதான் நாவலே படிக்காதேன்னு சொல்றேன்," என்றார். சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு குளியலறை வரிசைக்குப் போனார். அவரும் கோமளாவைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி அத்தியாயம் வரவேண்டிய கப்பல் தாமதித்தது. காதர் பாய் கடையில் என்னைப் போல நாலைந்து பேர் தினமும் போய் நின்றோம். "கப்பல் வந்தா நானே சொல்லி அனுப்ப மாட்டேனாம்மா? கடல்ல என்ன நானா நிறுத்தி வெச்சிருக்கேன்? போங்க லா," என்று அவர் விரட்டினார். கடைசியில் கட்டு வந்தது. வீடு வரை பொறுக்கவில்லை. கடைக்குப் பக்கத்தில், கடைகளின் முன்னால் திண்ணைபோல ஓடும் ஐந்தடிப் பாதையின் தூணில் சாய்ந்துகொண்டு, பூக்கட்டுகிறவர்களுக்கு நடுவே நின்றபடியே படித்தேன். சந்தானம் கை நிறையச் சம்பாதித்துக்கொண்டு ரயிலில் வருகிறான். ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்த கோமளா, வண்டியின் விளக்கு தெரிகிறபோது பெஞ்சில் சாய்கிறாள். வண்டி நிற்கிறது. அவன் இறங்குகிறான். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் முற்றும்.

வாழ்க்கையில் எந்தக் கதாநாயகிக்காகவும் எனக்கு அப்படி வயிறு எரிந்ததில்லை. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஊரில் இருந்திருந்தால் சாமான் அறையில் உட்கார்ந்து, என்ன அருமையான முடிவு என்று விம்மியிருப்பேன். இங்கே அப்படித் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் யாரையோ ஒரு கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள், யாரோ வருவார் என்று துறைமுகத்துக்குப் போய் நிற்கிறவர்கள். எங்களுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வருகிற சந்தானத்தை அனுப்பிவைக்க இந்த மனுஷருக்கு எப்படி மனசு வந்தது? அப்பா செத்த செய்தியை மாற்ற முடியாத நான், கோமளா செத்த செய்தியையும் சும்மா வாங்கிக்கொள்வதா? அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அழ முடியாது. ஒரு விசும்பல் பலகைக்கு மேலே எழுந்தால் போதும், ஆ சோவுக்கு முடிவு தெரிந்துவிடும். மூவாருக்கு ஆள் போய்விடும். நேரே காளி கோயிலுக்குப் போனேன். கோயிலில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அம்மன் எதிரே உட்கார்ந்து கோமளாவுக்காகவும் அப்பாவுக்காகவும் சேர்த்து அழுது தீர்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று என் கையில் விபூதி கொடுத்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆ சோ அடுப்படியில் சோயா மொச்சை வடித்துக்கொண்டிருந்தார். கிம் லியான் வேலையிலிருந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், பாதியில் அப்படியே நின்றாள். என் கையில் பத்திரிகையைப் பார்த்ததும் ஆ சோ வடிதட்டைக் கீழே வைத்தார்.

"சுடா பாலேக்?"

"சுடா," என்றேன்.

வந்துவிட்டான். ஒரே ஒரு வார்த்தைதான். ஒரு நாவலாசிரியர் முப்பது வாரம் பாடுபட்டுக் கட்டியதை அந்த ஒரு வார்த்தையில் இடித்துத் தள்ளிவிட்டேன். ஆ சோ சீனச் சாமி படத்தின் முன்னால் போய் ஒரு ஊதுபத்தி ஏற்றினார். அது எனக்காகவா, கோமளாவுக்காகவா, பாலெம்பாங் போனவருக்காகவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து, கையில் என்ன கொண்டுவந்தான் என்று கேட்டார். நான் தயாராக இல்லாத கேள்வி. நகை, புடவை, ஒரு தையல் மெஷின் என்று அடுக்கினேன். தையல் மெஷின் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூவார்க்காரர்களுக்கு அந்த வாரமே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை எந்தத் தொடர்கதை வாசகரும் பட்டிருக்கமாட்டார். ஆ தோங் வரவில்லையென்றால்? அரிசி மில்லும் போய், அவனும் போய், அந்தப் பெண் என் ஒரு வார்த்தையை நம்பி நின்றுவிட்டால்? பயம் என்றால் அதுதான் பயம். துறைமுகத்தில் வேலை பார்க்கிற புருஷனை அப்போதுதான் முழுசாக உபயோகப்படுத்திக்கொண்டேன். தினமும் சாயந்திரம் இவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே எந்தெந்தக் கப்பல் வந்தது என்று கேட்பேன். "உனக்கு அப்பன் வீட்டுக் கப்பலா வருது?" என்று சலித்துக்கொள்வார். ஆனாலும் விசாரித்துவிட்டுத்தான் வருவார். சீனப் புத்தாண்டுக்கு வந்துவிடுவான் என்றாள் கிம் லியான். புத்தாண்டு வந்தது. சந்தெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் குவிந்தது. அவன் வரவில்லை. ஆ சோ ஆரஞ்சுப் பழம் கொடுக்க வந்தபோது என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கிம் லியான் லேசாக இருமினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குள்ளமான ஆள் மாடிப்படி ஏறி வந்தான். நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு கையில் ஜப்பான் பிளாஸ்க், மற்றொரு கையில் துணி மூட்டை, பின்னால் வந்த கூலியாளின் தலையில் ஒரு தையல் மெஷின். சத்தியமாகச் சொல்கிறேன், தையல் மெஷின். கிம் லியான் எழுதிச் சொல்லியிருக்கிறாள். ஆ சோ அவனைப் பார்க்கவில்லை, அவன் கைகளைத்தான் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்த் தேநீர் வைத்தார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தடுப்புப் பலகைக்குக் கேட்கும்படி, மனசார அழுதேன். நகைக்கார அண்ணன், "என்னம்மா, கதையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்யாணத்தில் சீன வழக்கப்படி பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும்போது, எழுத்தாளருக்கு நன்றி சொல்லுங்கள் என்று கிம் லியான் என் காதில் சொன்னாள். எந்த எழுத்தாளருக்கு என்று நான் கேட்கவில்லை. கோமளா கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஆ சோவுக்கு அது முடியவில்லை. கோமளா எப்படி இருக்கிறாள், மாமியார் எப்படி, தையல் மெஷின் ஓடுகிறதா? சென்னையில் முற்றும் போட்ட கதையை நான் சிங்கப்பூரில் வருஷக்கணக்காகத் தொடர்ந்தேன். கோமளாவுக்குத் திருச்சியில் வீடு பார்த்துக் கொடுத்தேன். சந்தானத்துக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தேன். இருமலைப் பூரணமாகக் குணப்படுத்தினேன். அந்தப் பெருமை முழுவதையும் ஆ சோவின் கறுப்பு மருந்துக்குக் கொடுத்தேன். சந்து இடிபட்டு, நாங்கள் எல்லாரும் தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளுக்குக் குடிபோனோம். பலகைத் தடுப்புப் போய்ச் சுவர் வந்தது. அழுவதற்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறைகூட இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் நாவலில் யாராவது செத்தால் எனக்கு முன்போல அழுகை வருவதில்லை. இவளுக்கு இங்கே வேறு என்ன செய்யலாம் என்றுதான் யோசனை ஓடுகிறது. இதை நல்ல வாசகியின் லட்சணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பல வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம் கும்பகோணத்துக்குப் புறப்பட்டேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின நாள், இரண்டு மாடி இறங்கி ஆ சோ வந்தார். கோமளாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதாக நான்தான் எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன். அதற்குச் சிவப்பில் ஒரு பஞ்சு வைத்த சட்டை, அவரே தைத்தது. கழுத்தில் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பூ. மாப்பிள்ளை கொண்டுவந்த மெஷினில் தைத்தது என்று பெருமையாகச் சொன்னார். நீயே உன் கையால் போட்டுவிட வேண்டும் என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்றார்.

நாகப்பட்டினத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைக் கிளறி அந்தச் சட்டையைத்தான் முதலில் வெளியே எடுத்தார். மகளைப் பார்த்தார். அவளுக்கு ஐந்து வயது, அதில் அவள் ஒரு கைகூட நுழையாது. "யாருக்கும்மா இது?" என்றார். "என் தங்கச்சி குழந்தைக்கு," என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அவர் சாக்கட்டியால் பெட்டியில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

கும்பகோணத்தில் அண்ணி, அந்தத் தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து அலமாரியில் வைத்திருக்கிறார். வந்த அன்றே எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கம் ஈரம் பட்டுக் காய்ந்து மொரமொரவென்று இருக்கிறது. "நம்ம கோமளா போனப்ப தெருவே சாப்பிடல, தெரியுமா?" என்றார். அண்ணியின் பேரனுக்கு இப்போது எட்டு மாதம். சட்டை அவனுக்கு அளவெடுத்தாற்போல இருக்கும். இரண்டு தடவை எடுத்துக் கொடுக்கப் போனேன், இரண்டு தடவையும் கை வரவில்லை. கொடுத்துவிட்டால் கோமளாவுக்குக் குழந்தை இல்லை என்று ஆகிவிடும். திரும்ப எடுத்துப் போகவும் முடியாது. தோ பாயோவில் பெட்டியைத் திறக்கும்போது ஆ சோ பக்கத்தில் நிற்பார்.

நாளைக்குக் கப்பல். கட்டிலின் ஒரு பக்கம் அண்ணியின் அலமாரி திறந்திருக்கிறது, மறு பக்கம் என் பெட்டி. நடுவில் சட்டை கிடக்கிறது. வண்டிக்காரனுக்கு எத்தனை மணிக்குச் சொல்வது என்று அண்ணி கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.